காருக்கு எத்தனை வயது?

பதினைந்து ஆண்டைக் கடந்த கார்களை வைத்திருப்போர் படும் பாடும், அதன் பின்னுள்ள பொறியியலும் சட்டமும்

இந்தியாவில் சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும், அதன்பின் தகுதிப் பரிசோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வகுத்திருக்கிறது. பழைய கார் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் விற்பனைச் சந்தையிலும் இந்தப் பதினைந்து என்ற எண்ணே அளவுகோலாக நிற்கிறது. ஆனால் காரை வைத்திருப்பவரிடம் அதன் முதுமை வேறு வடிவங்களில் வந்து சேர்கிறது. கடைக்காரர் ரேடியேட்டர் ஹோஸைப் பார்த்துவிட்டு “இது இப்போது வருவதில்லை” என்று சொல்லும் பதிலாகவும், கார்புரேட்டர் வேலை தெரிந்த மெக்கானிக் பட்டறையை மூடிவிட்ட செய்தியாகவும், மழைக்காலக் காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் உயிர்பெறாத எஞ்சினாகவும் அது வருகிறது. சட்டம் கணக்கிடும் வயது ஒன்று. இரும்பும் ரப்பரும் அடையும் வயது மற்றொன்று. பாகங்களும் கைத்திறனும் கிடைக்கும் காலம் மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதிலிருந்தே பழைய கார் உரிமையாளரின் தொல்லைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. சென்னையைச் சுற்றித் தயாரான கார்களின் வரலாறே அதற்குப் போதிய சான்று.

தயாரிப்பாளரை இழந்த கார்கள்

வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் இங்கே தயாரித்தது. அக்காரின் நான்கு கதவு வடிவம் இந்தியாவில் மட்டுமே உருவானது. அதன் வழிவந்த கெஸல் 1972இலும், பெரிய உடலமைப்புக் கொண்ட ஸ்டாண்டர்ட் 2000 என்ற கார் 1985இலும் வெளிவந்தன. 1980களின் இறுதியில் உற்பத்தியே நின்றுபோனது. அடுத்த தலைமுறையில், திருவள்ளூர் அருகிலுள்ள ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்ஸர் தயாரானது. மறைமலைநகரில் ஆலை அமைத்த ஃபோர்டு நிறுவனம் 1999இல் ஐகான் காரை அறிமுகப்படுத்தி, பின்னர் பல கார்களை விற்று, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022இல் அவ்வாலையின் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது. வாகன உற்பத்தியில் நாட்டுக்கே முன்னோடி என்று பெயர்பெற்ற ஒரு நகரத்தின் எல்லையில், தாய் நிறுவனம் இல்லாத அல்லது உள்ளூரில் உற்பத்தியை விட்டுவிட்ட கார்கள் இவ்வாறு மூன்று தலைமுறைகளாகச் சேர்ந்திருக்கின்றன.

பிற இடங்களின் கதையும் இதுவே. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி தொடங்கித் தயாரான அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. மும்பையின் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. சியலோ, மாட்டிஸ் கார்களைத் தந்த தேவூ நிறுவனம் தாய்நாட்டிலேயே நொடித்து இந்தியாவிலும் மறைந்தது. ஷெவர்லே கார்களின் விற்பனை 2017இல் நிறுத்தப்பட்டது.

இவற்றுக்கு நேர்மாறான நிலையில் இருப்பது மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை தயாரான அந்தக் காரின் தயாரிப்பாளர் இன்றும் இயங்குவதாலும், இலட்சக்கணக்கில் விற்ற காரணத்தால் வெளிச்சந்தையிலும் பாகங்கள் பெருகியிருப்பதாலும், 30 வயதான மாருதி 800 காரை ஓட்டுவது 20 வயதைத் தாண்டிய தேவூ காரை ஓட்டுவதைக் காட்டிலும் எளிது. ஆண்டுக்கணக்கு மட்டும் ஒரு காரின் முதுமையைச் சொல்லிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எஞ்சினின் குணங்கள்

பழைய கார் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு என்று உரிமையாளர்கள் சொல்வது வெறும் பாசத்தால் அன்று. அதற்குப் பொறியியல் காரணம் இருக்கிறது. 1990களின் இறுதிவரை இந்தியாவில் விற்ற பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை கார்புரேட்டரில் ஓடின. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இக்கருவி, சிறு துளைகள் வழியே பெட்ரோலை அளந்து விடுகிறது. துளையின் அளவு மாறாதது என்பதால், வெயிலும் குளிரும் கடல்மட்டமும் மலையுயரமும் கலவையை மாற்றிவிடுகின்றன. குளிர்ந்த எஞ்சினுக்குச் செறிவான கலவை தேவைப்படுவதால், காற்றின் வழியைச் சிறிது நேரம் அடைக்கும் சோக் கம்பியை இழுத்துவிட்டே காரைக் கிளப்ப வேண்டும். எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்பது காருக்குக் கார் வேறுபட்டு, அதை ஓட்டுபவரின் கைப்பழக்கமாகவே நிலைத்துவிடுகிறது.

கோடையில் இந்தக் கார்கள் தரும் பெருந்தொல்லை, மெக்கானிக்குகள் ‘ஏர் லாக்’ என்று பொதுவாகக் குறிப்பிடும் ஆவித் தடையாகும். பெட்ரோல் பம்ப் எஞ்சினின் மீதே பொருத்தப்பட்டு அதன் சூட்டை வாங்கிக்கொள்வதால், நெரிசலில் நின்று நின்று செல்லும் காரில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ளுவதற்கான பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணற, எஞ்சின் நின்றுவிடுகிறது. பானட்டைத் திறந்து வைத்து, நனைத்த துணியைப் பம்பின் மீது சுற்றிக் காத்திருப்பது அம்பாசடர், பத்மினி ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த வைத்தியம்.

மழைக்காலத்துக்கு வேறொரு நோய் உண்டு. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்பொறியை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘டெல்கோ’ என்பர். அதனுள் திறந்து மூடும் ‘பாயிண்ட்’ எனப்படும் சிறு தொடுமுனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். முனைகள் கருகித் தேய்ந்தாலோ மூடிக்குள் ஈரம் இறங்கினாலோ பொறி வலுவிழந்து கார் கிளம்ப மறுக்கிறது. அம்பாசடரிலும் பத்மினியிலும் ஸ்டீயரிங் தண்டோடு அமைந்த கியர், அதன் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்ததும் இரு கியர்களுக்கு இடையே சிக்கி நிற்பதும், ஓட்டுநர் இறங்கிக் கையால் அதை விடுவிப்பதும் ஒரு காலத்தில் நகரச் சாலைகளில் அன்றாடக் காட்சியாக இருந்தன.

மாறிய பெட்ரோல்

கார் மாறாமல் நின்றாலும் அதற்குள் ஊற்றும் எரிபொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதைப் பலர் கருதுவதில்லை. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் விலக்கப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு, அது பெரும் நன்மை. எனினும் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களில் வால்வு வந்து அமரும் விளிம்பான ‘வால்வு சீட்’, ஈயம் படிந்த மெல்லிய பூச்சினால்தான் தேயாமல் காக்கப்பட்டது. அக்காப்பு போனபின், லேத் பட்டறையில் ஹெட்டைக் கழற்றிக் கடினமான எஃகு வளையங்களைப் பொருத்துவதே நிலையான தீர்வாயிற்று.

இப்போதைய மாற்றம் எத்தனால். 2022இல் நாடு 10 விழுக்காட்டுக் கலப்பை எட்டியது. 2023இல் அறிமுகமான 20 விழுக்காட்டுக் கலப்பு இரண்டே ஆண்டுகளில் பெரும்பாலான பங்க்குகளின் இயல்பான பெட்ரோலாகிவிட்டது. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்குகிறது. அது தன்னுள் ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், அளவு மாறாத கார்புரேட்டரில் கலவை நீர்த்துப்போய் எஞ்சின் கூடுதலாகச் சூடேறக்கூடும். காற்றின் ஈரத்தை அது ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்கில் தண்ணீர் சேர்ந்து துரு பிடிக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் தக்கை வாஷர்களையும் துத்தநாகக் கலப்பு உலோகத்தையும் அது அரிக்கும் இயல்புடையது. எரிபொருள் கசிவு தீயாக மாறக்கூடியது என்பதால், பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுவதே பழைய காரில் முதலில் செய்ய வேண்டிய வேலை.

ரப்பரும் இரும்பும்

ஓடாத கார் தேயாது என்ற நம்பிக்கை பரவலானது; அது பிழையானது. ரப்பர் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் இறுகி வெடிக்கிறது. கிலோமீட்டர் மீட்டர் நகராவிட்டாலும் அது நிகழ்கிறது. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் டயரின் உண்மையான வயதை அங்கே படித்தறியலாம். எஞ்சினுக்குள் வால்வுகளின் இயக்கத்தை நேரப்படுத்தும் டைமிங் பெல்ட்டும் கிலோமீட்டரோடு ஆண்டையும் பார்த்து மாற்றப்பட வேண்டியது. அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலையை இழப்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது பொதுவான பரிந்துரை. நிறுத்தியே வைத்த காரில் பேட்டரி இறங்குவதும், பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் துளையை அடைப்பதும், எலி புகுந்து ஒயரைக் கடிப்பதும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

ஹெரால்டு காரின் முன்சக்கரத் தாங்கியில் உள்ள ‘டிரன்னியன்’ என்ற பாகம், பராமரிப்பின் நுணுக்கத்துக்கு நல்ல சான்று. சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரையிட்ட வெண்கலப் பகுதி ஒன்றுக்குள் சுழல்கிறது. அதற்குக் கனமான கியர் ஆயில் இடவேண்டும் என்பது தயாரிப்பாளரின் விதி. வழக்கம்போல் கிரீஸை அடைத்துவிட்டால் அது இறுகிப்போய், ஈரம் புகுந்து, தண்டு அரித்து, ஒருநாள் முறிந்து சக்கரமே மடங்கிவிடும். கையேட்டில் ஒரே வரியில் அடங்கும் இத்தகவல், கையேடும் அதைப் படித்த மெக்கானிக்கும் மறைந்த ஊரில் உயிர்ப் பிரச்சினையாகிறது.

கடலோர நகரங்களில் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. கதவின் அடிப்பகுதியில் நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபடும்போதும், தரைவிரிப்புக்குக் கீழே ஈரம் தங்கும்போதும் துரு உள்ளிருந்து தொடங்குவதால், வெளிப் பெயிண்ட்டில் கொப்புளம் தோன்றும் நேரத்தில் தகடு ஓட்டையாகியிருக்கும். துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்யும் டிங்கர் வேலைக்கு நாளும் பொருளும் செலவாவதால், பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து மறைப்பது எளிதான வழியாகிவிட்டது. அந்தப் பட்டிக்குள் துரு தொடர்ந்து வளர்ந்து அடுத்த உரிமையாளரின் தலையில் விடிகிறது.

பாகம் தேடும் பயணம்

பழைய கார் உரிமையாளர்களின் காலத்தில் பெரும்பகுதி பழுதுபார்ப்பதில் அன்றி, பாகம் தேடுவதிலேயே கழிகிறது. சென்னையில் இதற்கு இரண்டு முகவரிகள் உண்டு. அண்ணாசாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, அதாவது வழக்கில் ஜி.பி. ரோடு, புதிய உதிரிபாகங்களுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் பெயர்பெற்றது. புதுப்பேட்டை, பழைய வாகனங்களைக் கழற்றி எடுத்த பாகங்களின் சந்தை. தயாரிப்பாளரின் பாகம், பிறர் செய்த பாகம், கழற்றிய பாகம், லேத்தில் கடைந்த பாகம் என்னும் நான்கு வகைகளில் எதை எங்கே ஏற்கலாம் என்ற தெளிவு உரிமையாளருக்கு வேண்டும். கதவுக் கைப்பிடியோ கண்ணாடியோ கழற்றியதாக இருப்பதில் குற்றமில்லை. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சார்ந்த எதுவும் அவ்வாறு வாங்கத் தக்கதன்று.

பாகம் கிடைத்தபின்னும் தொல்லை முடிவதில்லை. ஒரு பாகம் புதிதானால் அதற்கு அடுத்த பழைய பாகத்தின் மீது சுமை ஏறுகிறது: புது வாட்டர் பம்ப் போட்ட காரில் பழைய ஹோஸ் பிளப்பதும், ஹோஸ் மாற்றிய காரில் ரேடியேட்டர் கசிவதும் இவ்வகை. ஏசியும் அப்படித்தான். 1990களின் நடுப்பகுதிக்கு முற்பட்ட கார்களின் ஏசிக்குரிய ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி விலக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றான ஆர்-134ஏ பழைய கம்ப்ரஸர் எண்ணெயோடு கலக்காததால், எண்ணெயையும் அடைப்பு வளையங்களையும் மாற்றாமல் வாயுவை மட்டும் நிரப்பினால் கம்ப்ரஸர் கெடுகிறது.

இரும்புப் பாகத்தை லேத்தில் கடைந்துவிடலாம். மின்னணுப் பாகத்துக்கு அந்த வழி இல்லை. 2000க்குப் பிந்தைய கார்களில் எஞ்சினை ஆளும் சிறு கணினியான ஈ.சி.யூ., அதற்குத் தகவல் தரும் சென்சார்கள், சிப் பதித்த சாவி, வெப்பத்தில் நொறுங்கும் பிளாஸ்டிக் இணைப்பிகள் ஆகியவையே முதுமையில் முதலில் கைவிடுபவை. சாவி தொலைந்தால் புதிய சாவியைக் காரின் கணினியோடு பழக்கப்படுத்தத் தயாரிப்பாளரின் மென்பொருள் தேவைப்படுகிறது; அந்நிறுவனம் நாட்டைவிட்டுப் போயிருந்தால், நன்றாக ஓடும் கார் ஒரு சாவிக்காக முடங்கிவிடும். வருங்காலத்தில் 1965ஆம் ஆண்டின் ஹெரால்டைவிட 2005ஆம் ஆண்டின் கார் ஒன்றைக் காப்பாற்றுவது கடினமாக இருக்கும் என்று கருத இடமிருக்கிறது.

தாளில் கூடும் சுமை

சட்டமும் காப்பீடும் தம் பங்குக்குச் சுமையை ஏற்றுகின்றன. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாக்கப்பட்டது. மாநிலத்தின் பசுமை வரி இதற்கு மேல். டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு விதித்த தடையும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த ஆணையும் வயதையே குற்றமாக்கின. அத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் மறுக்கும் ஏற்பாடு 2025 ஜூலையில் தொடங்கிய சில நாள்களிலேயே பொதுமக்களின் எதிர்ப்பால் நிறுத்தி வைக்கப்பட்டது.

காப்பீட்டில் கார் முழுதாக அழிந்தால் கிடைக்கும் உச்சத் தொகையை ஐ.டி.வி., அதாவது அறிவிக்கப்பட்ட காப்பீட்டு மதிப்பு, என்பர். ஐந்தாம் ஆண்டில் அது பாதியாகக் குறைந்து, அதன்பின் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யும் தொகையாகிறது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிச் செலவே ஏற்கப்படும். இரண்டு இலட்சம் செலவிட்டுச் சீராக்கிய காரின் மதிப்பும் காகிதத்தில் சில ஆயிரமாக நிற்பதால், சிறு விபத்திலேயே அது சீராக்கத் தகாததாகக் கணக்கிடப்பட்டுவிடுகிறது.

50 ஆண்டைக் கடந்து மூலவடிவம் மாறாமல் இருக்கும் வாகனங்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் விதிகள், தனிப் பதிவு எண்ணும் பத்தாண்டுப் பதிவும் தருகின்றன. அன்றாடப் பயன்பாட்டை அவை அனுமதிப்பதில்லை. இடையிலுள்ள 35 ஆண்டுகளுக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஸ்டாண்டர்ட் 2000, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா, தொடக்ககால மாருதி, ஐகான் ஆகிய அனைத்தும் இந்த இடைவெளியில் நிற்கின்றன. 50 வயது வரை அவை உயிரோடிருக்க உதவும் விதி எதுவும் இல்லாதபோது, பாரம்பரிய வாகனமாகப் போற்ற எவை மிஞ்சும் என்ற கேள்வி எழுகிறது.

மறுபக்க நியாயம்

பழைய கார்களுக்கு எதிரான வாதங்களைப் புறந்தள்ள இயலாது. நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, நச்சுப் புகையைத் தணிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது 1995இல்தான். அதற்கு முந்தைய கார்களில் அது இல்லை. புகைப் பரிசோதனையில் பழங்கால பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை அனுமதிக்கப்பட, பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ்.-4) புகைத் தரத்துக்கு உட்பட்ட கார்களுக்கு அது 0.3 விழுக்காடாக இருப்பதே இடைவெளியின் அளவைக் காட்டும். ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் போன்றவை பழைய கார்கள் பலவற்றில் இல்லை. மோதலில் நசுங்கித் தாக்கத்தை வாங்கிக்கொள்ளும் உடலமைப்பும் இல்லை. ஆகவே நெரிசல் மிக்க நகரில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் பழைய கார், பராமரிப்பில்லாத நிலையில், பிறருக்கும் கேடு விளைவிக்கும் என்பது உண்மை.

ஆனால் இதே உண்மையிலிருந்து வேறொரு முடிவும் வருகிறது. கேடு செய்வது புகையும் பிரேக்கும் துருவும் என்றால், அளக்கப்பட வேண்டியவையும் அவையே. ஐந்து வயதில் கவனிப்பாரற்றுக் கரும்புகை கக்கும் டீசல் வண்டியைச் சட்டம் வயதைப் பார்த்து விட்டுவிடுவதும், மாதத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் சீரான பழைய காரை வயதைப் பார்த்தே ஒதுக்குவதும் காற்றைத் தூய்மையாக்கும் வழிகள் அல்ல.

செய்யத் தக்கவை

அரசு செய்ய வேண்டியது, தகுதிப் பரிசோதனையை உண்மையான அளவீடாக்குவதாகும். பிரேக்கின் பிடியும் அடிச்சட்டத்தின் துருவும் புகையின் அளவும் கருவியால் அளக்கப்பட்டுச் சான்றில் எண்களாகப் பதியுமானால், தேறாதது சாலையை விட்டு நீங்கட்டும். தேறியதற்கு வயதைக் காட்டிக் கூடுதல் தண்டனை வேண்டாம். தயாரிப்பாளர்களின் பொறுப்பும் சட்டமாக வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, வாகனத் துறையையும் அதில் சேர்த்து, அதே ஆண்டு இணையதளமும் தொடங்கியது. அது தன்னார்வ ஏற்பாடாக நிற்காமல், ஒரு காரின் விற்பனை நின்றபின் குறிப்பிட்ட காலம்வரை பாகம் தருவதையும், நாட்டைவிட்டு வெளியேறும் நிறுவனம் பழுதுபார்ப்புக் கையேட்டையும் சாவி மென்பொருளையும் பொதுவில் ஒப்படைப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். கார்புரேட்டரும் டெல்கோவும் அறிந்த மூத்த மெக்கானிக்குகளின் கைத்திறன் தமிழில் நூலாகவும் காணொளியாகவும் பதிவாக வேண்டும்; கோவையின் ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இதை ஏற்று நடத்தத் தகுந்தவை.

உரிமையாளர்களுக்கும் கடமை உண்டு. மாற்றிய பாகம், நாள், கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அழகுக்குச் செலவிடுமுன் பிரேக், டயர், பெட்ரோல் குழாய் ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள். வாரம் ஒருமுறையேனும் எஞ்சின் முழுச்சூடு அடையும்வரை ஓட்டுங்கள். காரை விற்கும்போது அதன் குறைகளையும் அந்தக் குறிப்பேட்டையும் வாங்குபவரிடம் சேர்த்தே கொடுங்கள். இவற்றைச் செய்ய மனமோ வசதியோ இல்லாதவர், காரைத் தெருவோரம் மக்கவிடாமல், அங்கீகரிக்கப்பட்ட வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறுவதே நேர்மையான வழி. பராமரிக்கப்படும் கார் எந்த வயதிலும் ஓடத் தகுதியுடையது; பராமரிக்கப்படாத கார் எந்த வயதிலும் சாலைக்குத் தகுதியற்றது.